ஓதம் எழுதிய குற்றம்

மாசிலாமணி தான் ஒரு விஞ்ஞானி என்று தெரிந்துகொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தபோது. அதற்கு முந்தைய அறுபத்தெட்டு வருடங்களில் அவருக்கு அப்படி ஒரு சந்தேகம்கூட வந்ததில்லை.

கைபேசி தானாகவே பேசியது. "வணக்கம், மாசிலாமணி அவர்களே. தேசிய ஆய்வு வேர் ஆணையம் பேசுகிறது. நாட்டின் ஓதவியல் கட்டுரைகளில் நானூற்று முப்பத்தெட்டு, தங்கள் உழைப்பின்மேல் நிற்பதைக் கண்டறிந்துள்ளோம். கடல் ஏற்றம், இறக்கம் குறித்த ஆய்வில் நாட்டின் முதன்மை அறிவியலாளர் தாங்களே. உறுதிசெய்ய எங்கள் அதிகாரி வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தங்களைச் சந்திப்பார். வாழ்த்துகள்."

மாசிலாமணி மீனைப் பார்த்தார். அதற்கும் ஒன்றும் புரிந்த மாதிரி இல்லை.

"யாருங்க போன்ல?" என்று அடுப்படியிலிருந்து ஞானப்பூ கேட்டாள்.

"நான் விஞ்ஞானியாம்."

"எந்த ஊருக்கு?"

"நாட்டுக்கே."

"சரி, செதில நல்லா உரசுங்க. போன தடவ தொண்டையில குத்திச்சு."

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவே இருந்த ஓதவியல் ஆய்வு நிலையத்தில் மாசிலாமணி முப்பத்தோரு வருடம் காவலராக இருந்தவர். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. அறிவியலுக்கு அவர் செய்த தொண்டு என்று பார்த்தால், வாசல் கதவைத் திறந்தது, மூடியது. இரண்டையும் குறை சொல்ல இடமில்லாமல் செய்தார். ஆனால் அதற்கு நானூற்று முப்பத்தெட்டு கட்டுரை கொஞ்சம் அதிகம் என்று அவருக்கே பட்டது.

மீனை ஞானப்பூவிடம் ஒப்படைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

கடல் ஒன்றரை முழம் ஏறிவிட்ட காலம் அது. பழைய கடற்கரைச் சாலையைக் கடல் எடுத்துக்கொண்டது. பெயர்ப்பலகை மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, 'மெதுவாகச் செல்லவும்' என்று மீன்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. உப்பளங்கள் பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம் ஓதம். அது நிலையத்தின் கணினியில் ஓடும் ஒரு மென்பொருள். கடலுக்குள் இருக்கும் மிதவைகளைக் கேட்டு, காற்றைக் கேட்டு, நிலாவைக் கேட்டு, எந்த மடைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும் என்று அது மூன்று மணி நேரம் முன்னாலேயே சொல்லிவிடும். அளத்தில் வேலை செய்கிறவர்களின் கைபேசி மணி அடிக்கும். மடையை அடைப்பார்கள். உப்பு தப்பும்.

ஓதத்தை யார் எழுதியது என்று நிலையத்தில் யாரும் யோசித்ததில்லை. அது சுயம்பு என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவகையில் அது சரிதான். எழுதியவள் பெயர் சுயம்புக்கனி.

உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறையில், உடையாத ஒரே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். வயது நாற்பத்தாறு. பதவி, தற்காலிகத் தொழில்நுட்ப உதவியாளர். பத்தொன்பது வருடமாகத் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஓர் ஆணை வரும். ஆறு மாதம் முடிந்ததும் ஒரு நாள் வேலையை விட்டு நீக்கிவிட்டு, மறுநாள் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தரமாகிவிடுவாள் என்று பயம். அந்த ஒரு நாளைக்கு நிலையத்தில் 'பிரேக்' என்று பெயர்.

"தங்கச்சி, என்னைய விஞ்ஞானின்னு சொல்லுதாங்க."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் அண்ணாச்சி. டைரக்டருக்கும் கடிதம் வந்திருக்கு. 'தங்கள் நிலையம் உலகுக்கு அளித்த மாமேதை மாசிலாமணி'ன்னு ஆரம்பிக்குது. அவரு ரெண்டு தடவ தண்ணி குடிச்சாரு."

"சவத்த, யாரோ விளையாடுதானுவ."

"விளையாட்டு இல்ல. வேர்னு ஒரு மிஷின் வச்சிருக்காங்க. முன்னெல்லாம் கட்டுரையில பேரு போட்டவன்தான் விஞ்ஞானி. இந்த மிஷின் அதுக்கு அடியில தோண்டும். இந்த முடிவு எந்தக் கணக்குலருந்து வந்துச்சு, அந்தக் கணக்க எந்த மென்பொருள் போட்டுச்சு, அந்த மென்பொருள யாரு எழுதினா, பழுதானா யாரு பாத்தான்னு கீழ கீழ போயிக்கிட்டே இருக்கும். அடியில ஆள் இல்லன்னா கட்டுரை சாம்பலாயிரும்."

"எரிச்சிருவாங்களா?"

"நெறம் மாறிரும் அண்ணாச்சி. சாம்பல் நிறத்துல காட்டும். அப்புறம் அத நம்பி யாரும் எதுவும் செய்யக் கூடாது. எங்கயோ ஒரு அணையில, எழுதின ஆளு போனப்புறம் யாரும் தொடாத மென்பொருள நம்பித் தண்ணியத் தொறந்துவிட்டுட்டாங்க. அதுலருந்து இப்படி."

"நல்ல மிஷினாத்தான் தெரியுது. அது எதுக்கு என் தலையில வந்து விடிஞ்சுது?"

இப்போது அவள் திரும்பினாள். "உங்க கணக்குலதான அண்ணாச்சி நான் எழுதுதேன்."

மாசிலாமணிக்கு மெல்ல நினைவு வந்தது. அவள் சேர்ந்த வாரம் நிலையத்தில் கணினிக் கணக்குத் திறந்து கொடுத்தார்கள். நிரந்தர ஊழியருக்கு மட்டும்தான் என்று விதி. இருபத்துமூன்று பேருக்குக் கொடுத்தார்கள். காவலருக்கு ஒன்று. விற்றுப்போன ஜீப்பின் டிரைவருக்கு ஒன்று. இறந்துபோன தோட்டக்காரருக்கு ஒன்று. மென்பொருள் எழுதுவதற்காகவே எடுத்த பெண்ணுக்கு மட்டும் விதியில் இடம் இல்லை. மாசிலாமணி தன்னுடையதை என்ன செய்வது என்று தெரியாமல், துண்டுச் சீட்டோடு அவளிடம் கொடுத்துவிட்டார். கடவுச்சொல், ஞானப்பூ. தாலி கட்டினவர் வாய்விட்டுச் சொன்னதைவிட அந்தப் பெயரைச் சுயம்புக்கனி அதிகம் தட்டியிருந்தாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை வாற அதிகாரிட்ட உண்மையச் சொல்லிருதேன். விஞ்ஞானி நீதான்னு."

"சொல்லாதீய!" அவள் எழுந்தே விட்டாள். "அடுத்தவர் கணக்குல நுழைஞ்சேன்னு எனக்கு அன்னைக்கே கதவு. அதோட போகாது. ஓதத்தோட வேர் பொய்னு ஆயிரும், நானூத்து முப்பத்தெட்டும் சாம்பல். ஓதத்தையே பூட்டிருவாங்க. அளத்துக்கு மணி அடிக்காது. ஐப்பசி வருது, நெனச்சுப் பாருங்க."

"நான் ஆமான்னு சொன்னா?"

"சாவி உங்க கைக்கு வரும். இனிமே வேர் ஒத்துக்கிட்ட ஆள்தான் ஓதத்துல ஒரு புள்ளிய மாத்த முடியும். எனக்கு முப்பதாந்தேதியோட ஆணை முடியுது. புதுசு கிடையாதுன்னு டைரக்டர் சொல்லிட்டாரு. 'ஓதம்தான் ஓடுதே, அப்புறம் எதுக்கு ஆளு'ன்னு கேக்காரு."

"நீ என்ன சொன்ன?"

"ஓடுறதுனாலதான் ஆளு வேணும்னேன். கடல் நிக்கவா செய்யுது?" அவள் உட்கார்ந்தாள். "சாவி உங்ககிட்ட இருந்தாப் போதும். உங்க மொட்டமாடியில உக்காந்து நான் பாத்துக்கிடுதேன். நீங்க 'ஆமா'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வேற எதையும் சொல்லாதீய."

"அப்ப உன் பேரு?"

"என் பேரு எங்க இருந்துச்சு, இப்பப் போறதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் திரைக்குத் திரும்பினாள்.

மறுநாள் மாலை டைரக்டர் தெய்வசிகாமணி ஒரு கிலோ மக்ரூனோடு வீட்டுக்கே வந்துவிட்டார். இருபத்துமூன்று வருடம் ஒரே வாசலில் சந்தித்தும் "ஏ வாட்ச்மேன்" என்பதற்கு மேல் போகாத உறவு அன்று ஒரே எட்டில் "அண்ணாச்சி" ஆனது.

"அண்ணாச்சி, ஆமான்னு சொல்லிடுங்க. இருநூத்துப் பதினொரு கட்டுரையில என் பேர் இருக்கு."

"எழுதினது யாருன்னு ஒங்களுக்குத் தெரியும்லா சார்?"

தெய்வசிகாமணி ஒரு மக்ரூனை எடுத்து, தின்னாமல் கையில் வைத்துக்கொண்டார். "தெரியாம இருக்குமா? நான் என்ன அரக்கனா? வருஷா வருஷம் அவ பேரை மேல அனுப்பறேன். படிவத்துல நாலு பத்திதான் இருக்கு. கட்டுரை, நூல், காப்புரிமை, பிற. 'பிற'வுல மூணு வரிக்கு மேல இடம் கிடையாது. முதல்ல அவ பதவியை எழுதி முடிக்கவே ரெண்டு வரி ஆயிடுது."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் மாசிலாமணிக்குச் சங்கடமாக இருந்தது. நல்ல திருட்டுப்பயலாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது தூங்கியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் அவர் "ஆமா" சொல்லிப் பழகினார். கண்ணாடி முன்னால் சொன்னார், சைக்கிளில் போகும்போது சொன்னார். "ஆமா"வில் தப்புச் செய்ய என்ன இருக்கிறது என்று ஞானப்பூ கேட்டதற்கும் "ஆமா" என்றார்.

அதிகாரியின் பெயர் நூருன்னிசா. ஐம்பதைத் தாண்டியவர், சிரித்த முகம். வேர் இயந்திரத்தை யானை அளவுக்கு எதிர்பார்த்திருந்த மாசிலாமணிக்கு, அவர் மடியில் இருந்த சிலேட்டு அளவுப் பலகையைப் பார்த்து ஏமாற்றம். டைரக்டர் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே மாசிலாமணியை உட்கார வைத்தார்கள். வாழ்நாளில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. டைரக்டர் பக்கத்தில். சுயம்புக்கனி கதவோரம் நின்றாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

"ஐயா, ஓதத்தை எழுதினது நீங்களா?"

"ஆமா."

நன்றாகத்தான் வந்தது. கதவோரம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"சந்தோஷம். சும்மா ரெண்டு மூணு வரி கேட்டுக்கறேன்," என்று நூருன்னிசா பலகையைத் தள்ளினார். "வடக்கு மடைக்கு மட்டும் பதினோரு நிமிஷம் கூட்டியிருக்கீங்க. எந்தப் புத்தகத்திலயும் இதுக்குக் காரணம் இல்லை. ஏன்?"

டைரக்டரின் முகம் வெளுத்தது. மாசிலாமணிக்கோ, பாடத்திலேயே தனக்குத் தெரிந்த ஒரே கேள்வி வந்த மாதிரி இருந்தது.

"அங்கன ஒரு பழைய தோணி முங்கிக் கெடக்கும்மா. அதுக்க வயித்துல பூரா சகதி. தண்ணி நேரா வர முடியாது, சுத்தித்தான் வரணும். நான் வாட்ச்சக் கையில வச்சுக்கிட்டு நின்னு பாத்திருக்கேன். பதினோரு நிமிசம். அமாவாசைன்னா ஒன்பது."

நூருன்னிசா பலகையைப் பார்த்தார். அமாவாசைக்கு ஒன்பது என்றுதான் இருந்தது.

"மார்கழி, தையில மூணாம் மிதவையை நம்பாதேன்னு இருக்கே?"

"கடல்புறா வந்து உக்காந்துரும்லா. ஒண்ணு ரெண்டு இல்ல, பதினஞ்சு இருவது. மிதவ தாழும். தாழ்ந்தா கடல் எறங்கிட்டுன்னு அது நெனச்சுக்கிடும். பாவம், அதுக்கு என்ன தெரியும்."

இப்படி ஆறு கேள்வி. ஆறுக்கும் பதில் வந்தது. நூருன்னிசா கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, இருபது வருஷமா இந்த வேலை பார்க்கறேன். தன் மென்பொருளை இந்த அளவுக்குப் புரிஞ்சு வச்சிருக்கிற ஒருத்தரை இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

டைரக்டர் மேசையை லேசாகத் தட்டினார். கைதட்டல் என்று வைத்துக்கொள்ளலாம். மாசிலாமணி கதவுப் பக்கம் பார்த்தார். சுயம்புக்கனி சிரித்துக்கொண்டிருந்தாள். பொறாமை, வருத்தம் எதுவும் அதில் இல்லை. ஓதம் பிழைத்துவிட்டது என்கிற சிரிப்பு. பத்தொன்பது வருட வேலை கண்ணெதிரே இன்னொருத்தர் பெயருக்குப் போகிறது, இவள் பிள்ளை பாஸான மாதிரி சிரிக்கிறாள். அதை அவரால் பார்க்க முடியவில்லை.

"அம்மா, நான் சொன்ன 'ஆமா'வ அழிச்சிருங்க."

"ஐயா?"

"இதெல்லாம் நான் சொன்னது. எழுதினது அந்தப் புள்ள. காலையில கரையோரம் நடக்கும்போது கண்ணுல பட்டத வந்து சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன். அவ அத ஆறு மாசம் அளந்து பாத்து, சரின்னாத்தான் எழுதுவா. நான் சொன்னதுல பாதிக்கு மேல தப்பு. அத அவ எழுதல. அது என்ன வேலைன்னு எனக்குத் தெரியாது, ஆனா கதவத் தெறந்து மூடுத வேல இல்ல அது."

"அண்ணாச்சி!" என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல், கிட்டத்தட்ட அழுகையாக.

நூருன்னிசா திரும்பி அவளை முதல் தடவையாகப் பார்த்தார். "நீங்க பொய்ப் பேர்லயா எழுதினீங்க?"

"பொய்ப் பேரு இல்லம்மா," என்று மாசிலாமணி குறுக்கிட்டார். "என் பேரு உண்மையான பேருதான்."

நூருன்னிசா டைரக்டர் பக்கம் திரும்பிக் கேட்டார்: "இவங்கதான் எழுதினாங்கங்கறதுக்கு ஆவணம் இருக்கா சார்? அலுவலகக் காகிதம் ஒண்ணு போதும். வேர் வாய்ப்பேச்சை ஏத்துக்காது."

தெய்வசிகாமணி கோப்பைப் புரட்டினார். முப்பத்தெட்டு நியமன ஆணைகள். முப்பத்தெட்டிலும் 'தட்டச்சு மற்றும் பிற பணிகள்' என்றே இருந்தது.

"அப்ப திங்கட்கிழமை ஓதம் பூட்டப்படும். கட்டுரைகள் சாம்பல்," என்றார் நூருன்னிசா. வருத்தமாகத்தான் சொன்னார்.

தெய்வசிகாமணிக்கு இருநூற்றுப் பதினொன்றும் கண் முன்னால் சாம்பலானது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அடுத்தவர் கணக்குல பத்தொன்பது வருஷம் நுழைஞ்சிருக்கா! இதை நான் விடப்போறதில்ல. ஒழுங்கு நடவடிக்கை எடுப்பேன். மெமோ கொடுப்பேன்!"

"தாராளமா எடுங்க," என்றார் நூருன்னிசா. "ஆனா ஒழுங்கு விதி நிரந்தர ஊழியருக்குத்தான் பொருந்தும். தற்காலிகத்துக்கு மெமோ கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை."

"அப்போ இவளை ஒண்ணும் செய்ய முடியாதா?"

"முடியும். இடைவிடாம வேலை பார்த்திருந்தா, நிரந்தரம்னு ஆணை போட்டுட்டுத் தண்டிக்கலாம்."

"முப்பத்தேழு பிரேக் இருக்கே!"

நூருன்னிசா பலகையில் விரலை ஓட்டினார். "அந்த முப்பத்தேழு நாளும் இந்தக் கணக்குல நுழைஞ்சு வேலை நடந்திருக்கு. யாரோ வாசலைத் திறந்து விட்டிருக்காங்க." ஓய்வு பெற்ற பிறகும் வாசல் சாவி ஒன்றைத் தன்னிடமே வைத்திருந்த மாசிலாமணி கூரையைப் பார்த்தார். "குற்றம்தான் சார். ஆனா இடைவிடாத குற்றம்."

தெய்வசிகாமணி கோப்பை மூடி வைத்தார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்று நூருன்னிசா சன்னலைப் பார்த்தபடி சொன்னார். "குற்றப்பத்திரிகையும் அலுவலக ஆவணம்தான். யார் எதை எழுதினாங்கன்னு அதுல தெளிவா இருந்தா, வேர் ஏத்துக்கும்."

டைரக்டர் மெதுவாக உட்கார்ந்தார். நாற்காலியை மேசைக்கு இழுத்தார். விசைப்பலகையை அருகில் வைத்துக்கொண்டார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒரு கடிதத்தைத் தானே அடிப்பது அதுவே முதல் தடவை.

"குற்றம் கனமா இருந்தாத்தான் நிக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாசித்தபடியே அடித்தார். "'இந்நிலையத்தின் உயிர்நாடியும், கடற்கரை மக்களின் பாதுகாப்புக்கு அடிப்படையுமான ஓதம் என்னும் மென்பொருளை...'"

"உயிர்நாடி கொஞ்சம் அதிகம் சார்," என்றாள் சுயம்புக்கனி.

"குற்றவாளி குறுக்கப் பேசக் கூடாது. 'மென்பொருளைத் தாம் ஒருவராகவே வடிவமைத்து, எழுதி, பத்தொன்பது ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் பேணிவந்தும், நானூற்று முப்பத்தெட்டு ஆய்வுகளைத் தாங்கியும், அவற்றையெல்லாம் தமது பெயரில் செய்யாமல் பிறர் பெயரில் செய்தது கடுமையான...' கடுமைக்கு மேல என்ன இருக்கு மேடம்?"

"மிகக் கடுமை."

"'மிகக் கடுமையான ஒழுங்கீனம்.'" அந்த வரியை ஒருமுறை திரும்ப வாசித்தார். "உடந்தை யாருன்னு போடணும். உடந்தை: மாசிலாமணி, காவலர், ஓய்வு."

வேர் இயந்திரத்தில் உடந்தை என்று ஒரு வகையே இல்லை. நூருன்னிசா புதிதாக ஒன்றைத் திறந்தார்.

பிற்பகலுக்குள் இரண்டு தாள்கள் அச்சாகி வந்தன. முதல் தாள் சுயம்புக்கனியை நிரந்தரமாக்கியது. இரண்டாம் தாளான மெமோ அவள்மேல் குற்றம் சாட்டியது. ஓதத்தின் சாவி அவள் பெயருக்குப் போனது. கட்டுரைகளில் ஒன்றுகூட நிறம் மாறவில்லை. அவள் முதல் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, இரண்டாவதை மூன்று தடவை வாசித்தாள். அவள் பெயரும் ஓதத்தின் பெயரும் ஒரே வாக்கியத்தில் வந்த முதல் காகிதம் அது.

மெமோவுக்குப் பதினைந்து நாளில் விளக்கம் எழுத வேண்டும். திங்கட்கிழமை காலை மாசிலாமணி போனபோது அவள் எழுதிக்கொண்டிருந்தாள். கையில்தான் எழுதினாள்.

"ஒத்துக்கிடுதியா, மறுக்கியா?"

"ஒத்துக்கிடுதேன் அண்ணாச்சி. ஒரு வார்த்தைய மட்டும் மறுக்குதேன்." தாளை எடுத்து வாசித்தாள். "'என் மீதான குற்றச்சாட்டு முழுதும் உண்மை. ஆனால் "ஒருவராகவே" என்பதை ஏற்க இயலாது. கீழ்க்கண்டவர்களும் இக்குற்றத்துக்கு உடந்தை. ஒன்று, பேச்சித்தாய், உப்பளத் தொழிலாளி: பௌர்ணமிதோறும் தெற்கு மடையில் முழங்கால் அளவு நின்று தண்ணீர் பார்த்துச் சொன்னவர். இரண்டு, மிக்கேல், தோணிக்காரர்: கேட்காமலே மிதவைகளின் பாசியைச் சுரண்டியவர். மூன்று, பினாங்கில் ஒருவர், பெயர் தெரியாது: ஓர் இடத்தில் கழித்தல் குறி விட்டுப்போனதைக் கண்டுபிடித்து எழுதி அனுப்பியவர். இவர் தப்பிவிடக் கூடாது, தேடிக்கொண்டிருக்கிறேன். நான்கு...'"

"எத்தன பேரு இருக்கு?"

"இருவத்தாறு. இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்."

மாசிலாமணி தாளை வாங்கி, பட்டியலை விரலால் தடவிக்கொண்டே போனார். பெரும்பாலும் தெரிந்த பெயர்கள்தான். "இம்புட்டுப் பேருக்கும் மெமோ போகுமா தங்கச்சி?"

"போகணும் அண்ணாச்சி," என்று சுயம்புக்கனி தாளைத் திரும்ப வாங்கி, இருபத்தேழு என்று எண் போட்டாள். "பதினஞ்சு நாள்ல போகலன்னா நினைவூட்டுக் கடிதம் போடுவேன். நான் இப்ப நிரந்தர ஊழியர்."